பாலாற்றுப் படுகையில் கைகள் மீண்டும் கற்ற வரலாறு

காஞ்சிபுரத்தின் வரலாற்றை எழுதியோர் அதன் கற்றளிகளையும் கல்வெட்டுகளையும் பட்டு வணிகத்தையும் விரிவாகப் பதிவு செய்துள்ளனர். ஆனால் அந்நகரின் தறிகளில் தலைமுறை தலைமுறையாக உழைத்த கைகள் தம் வேலையை எவ்வாறு கற்றன என்பதும், அதே வட்டாரத்தில் நோயினால் செயலிழந்த கைகள் எவ்வாறு மீண்டும் கற்பிக்கப்பட்டன என்பதும் பெரும்பாலும் மருத்துவ நூல்களின் எல்லையைத் தாண்டி வரவில்லை. பாலாறு வேலூரைக் கடந்து, காஞ்சிபுரத்தின் தென்புறமாக ஓடி, செங்கல்பட்டை ஒட்டிக் கடலை நோக்கிச் செல்கிறது. இம்மூன்று ஊர்களையும் இணைக்கும் இந்தப் படுகையில்தான், உடலின் வலிமை தசையின் பருமனில் மட்டும் இல்லை, தசையை ஏவும் நரம்பின் பயிற்சியிலும் இருக்கிறது என்னும் உண்மை 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆயிரக்கணக்கான கைகளில் செயலாக மெய்ப்பிக்கப்பட்டது.

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வழங்கிவந்த குழித்தறி, நெசவாளரின் உடல் முழுவதையும் வேலைக்கு இழுத்துக்கொள்ளும் அமைப்பாகும். தரையில் தோண்டிய குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு அவர் மிதியை அழுத்த, விழுதுகள் ஏறி இறங்கி, நெடுக்கிழைகளான பாவு இரண்டாகப் பிரிகிறது. அந்த இடைவெளியில் நாடா ஓடி, குறுக்கிழையான ஊடையை விட்டுச் செல்ல, கை அச்சுப்பலகையை இழுத்து, புதிய இழையை ஏற்கெனவே நெய்த துணியோடு சேர்த்து அடிக்கிறது. உடல் ஒரு நிறத்திலும் கரை வேறு நிறத்திலும் அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டியிருந்ததால், ஒரு பக்கக் கரையின் நாடாவைக் கையாள நெசவாளருக்குத் துணையாள் ஒருவர் தேவைப்பட்டார். கரை இழையும் உடல் இழையும் வரிக்கு வரி ஒன்றையொன்று கோத்துக்கொண்டாக வேண்டியிருந்தமையால், இருவர் கைகளும் ஒரே தாளத்துக்குப் பழகாமல் அந்நெசவு நடக்கவே நடக்காது. அத்துணையாட்கள் நெடுங்காலம் பெரும்பாலும் சிறுவர்களாகவே இருந்தனர் என்பது இத்தொழிலின் வரலாற்றில் மறைக்கத்தகாத பகுதி. இளம் வயதில் கை விரைவில் படிந்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. உடலியல் நோக்கில் அதில் உண்மை இருக்கலாம், ஆனால் அந்தப் படிவுக்கு அக்குழந்தைகள் கொடுத்த விலை அவர்களுடைய பள்ளிப்படிப்பு.

தறியில் வேண்டப்படும் வலிமை எத்தகையது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பலகையை ஒரு முறை ஓங்கியும் மறுமுறை தளர்த்தியும் அடித்தால், துணி நெருக்கமும் இளக்கமுமாகப் பட்டை பட்டையாய் விழும்; ஆகவே நெசவாளரிடம் எதிர்பார்க்கப்படுவது பெரும் விசையன்று, ஒரே அளவான விசையை ஆயிரக்கணக்கான முறை மாறாமல் தருவதே. புதிதாகத் தறியில் அமர்பவரின் தோளும் கழுத்தும் இறுகிப்போகின்றன. கையை மடக்கும் தசையும் அதை நீட்டும் எதிர்த்தசையும் ஒரே நேரத்தில் சுருங்கி ஒன்றையொன்று தடுக்கின்றன. மாலைக்குள் அவர் களைத்துவிடுகிறார். தேர்ந்த நெசவாளரின் முன்கையில் தேவையான தசை மட்டும், தேவையான கணத்தில் மட்டும் சுருங்கி, உடனே தளர்கிறது. இவ்விருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரும்பகுதி தசையின் அளவில் இல்லை. நரம்பு மண்டலம் எதை ஏவக் கற்றுள்ளது, எதை ஏவாதிருக்கக் கற்றுள்ளது என்பதில் இருக்கிறது.

தசைச் சுருக்கம் என்பது தசைநாருக்குள் ஆக்டின், மயோசின் எனப்படும் இருவகைப் புரத இழைகள் ஒன்றினூடே மற்றொன்று சறுக்கி உட்செல்வதால் நிகழ்கிறது என்பதை 1954-இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே விளக்கின. அந்தச் சறுக்கல் தானாகத் தொடங்குவதில்லை. தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பணுவிலிருந்து மின்துடிப்பு புறப்பட்டு, நரம்பின் முனையில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளை வெளியிட, அது தசைநாரைத் தூண்டிய பின்னரே சுருக்கம் பிறக்கிறது. ஓர் இயக்க நரம்பணுவையும் அது கிளைத்துச் சென்று ஏவும் தசைநார்கள் அனைத்தையும் சேர்த்து இயக்க அலகு என்று 1920-களில் வரையறுத்தவர் சார்லஸ் ஷெரிங்டன். நரம்பணுக்களின் பணியைக் கண்டறிந்தமைக்காக அவரும் எட்கர் ஏட்ரியனும் 1932-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஒரு தசையின் விசையைக் கூட்டுவதற்கு உடலிடம் இரண்டு வழிகள் உள்ளன: கூடுதலான இயக்க அலகுகளைப் பணிக்கு அழைப்பது ஒன்று, அழைத்த அலகுகளுக்கு அனுப்பும் துடிப்புகளை விரைவுபடுத்துவது மற்றொன்று. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலின் வைகாசிக் கருடசேவையில் வாகனம் எழுவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வாகனத்தைச் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகள் எத்தனை பேர் தண்டுக்குத் தோள் கொடுக்கிறார்கள் என்பதோடு, அவர்கள் ஒருமித்து நிமிர்கிறார்களா என்பதையும் பொறுத்தே வாகனம் எழுகிறது. தோள்களின் எண்ணிக்கையோ பருமனோ மாறாத நிலையிலும், ஒருமிப்பு கூடினால் தூக்கும் திறன் கூடும்.

வலிமைப் பயிற்சியில் நரம்புக்குப் பங்குண்டு என்பதற்கான அறிவியல் சான்று பழையது. 1894-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்டு ஸ்கிரிப்சரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கைக்கு மட்டும் பிடிப்புப் பயிற்சி அளித்தபோது, பயிற்சி பெறாத மறுகையின் வலிமையும் கூடியிருக்கக் கண்டனர். உழைக்காத கையின் தசை வளர்ந்திருக்க வழியில்லாததால், கற்றது நரம்பு மண்டலமே என்று கொள்ள வேண்டியதாயிற்று. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவம் செய்த தாமஸ் டிலோர்ம், எடையைப் படிப்படியாக ஏற்றி நலிந்த தசையை மீட்கும் முறையை 1945-இல் வெளியிட்டார். இன்றைய மறுவாழ்வு மருத்துவத்தின் வலிமைப் பயிற்சிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை. பயிற்சியின் தொடக்க வாரங்களில் கிடைக்கும் வலிமை பெரிதும் நரம்பின் கொடை என்பதையும், தசையின் பருமன் அதற்குப் பின்னரே கணிசமாகப் பங்களிக்கத் தொடங்குகிறது என்பதையும் மொரிட்டானி, டிவ்ரீஸ் ஆகிய இருவர் 1979-இல் அளந்து காட்டினர். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் (பெரும் மல்லன்) என்ற பட்டப்பெயரை வழங்கிய நாட்டில், தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் கற்பித்த வாத்தியார்கள், சுற்றுமுறை கையில் படியும் வரை இலகுவான கட்டையையே கொடுத்து, பிறகுதான் எடையைக் கூட்டினர். அளவுகருவிகள் இல்லாத அனுபவமும் அதே வரிசையைத்தான் கண்டடைந்திருந்தது.

இந்த அறிவு உயிர்த்தேவையாக மாறிய இடம் தொழுநோய் மருத்துவம். காஞ்சிபுரம் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு வட்டமாக இருந்தது. மாவட்டத் தலைமையகம் காஞ்சிபுரத்துக்கு மாறியது 1968-இல்தான். செங்கல்பட்டும் அதை அடுத்த வடஆர்க்காடும் இந்நோய் மிகுந்திருந்த மாவட்டங்கள். 1873-இல் ஹான்சன் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி, தோலுக்கு அருகே, உடலின் குளிர்ந்த பகுதிகளில் ஓடும் நரம்புகளைத் தாக்குகிறது: முழங்கையின் பின்புறம் செல்லும் அல்னார் நரம்பு, மணிக்கட்டில் மீடியன் நரம்பு, முழங்காலின் வெளிப்புறத்தில் பாதத்தைத் தூக்கும் தசைகளுக்குச் செல்லும் நரம்பு, முகத்தில் இமையை மூடும் நரம்பு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. அல்னார் நரம்பு கெட்டால் உள்ளங்கைக்குள்ளேயே இருக்கும் சிறுதசைகள் செயலிழக்கின்றன. விரலின் அடிமூட்டை மடக்கிக்கொண்டே நடுமூட்டையும் நுனிமூட்டையும் நிமிர்த்துவது அச்சிறுதசைகளின் வேலை. அவை ஓய்ந்ததும் அடிமூட்டு பின்னோக்கி வளைய, மற்ற இரு மூட்டுகளும் உள்நோக்கி மடங்கிவிடுகின்றன. அறுந்த பாவிழையைப் பிணைக்கவோ, சோற்றைப் பிசைந்து எடுக்கவோ, எழுதுகோலைப் பிடிக்கவோ அந்தக் கையால் இயலாது. தசை அழுகிவிட்டது, சதை கெட்டுவிட்டது என்று ஊரும் நம்பியது, மருத்துவர் பலரும் நம்பினர்.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் தொடங்கப்பட்ட லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை ராபர்ட் காக்ரேன் நடத்திவந்தார். சல்ஃபோன் வகை மருந்துகளை இந்தியாவில் தொடக்கத்திலேயே பயன்படுத்தியவர்களுள் அவர் ஒருவர். அவருடைய அழைப்பை ஏற்று 1947-இல் அங்கு வந்தவர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, லண்டனில் மருத்துவம் பயின்று, முந்திய ஆண்டுதான் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்திருந்தார். மருத்துவமனையைச் சுற்றி வந்தபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து, இயன்ற மட்டும் அழுத்துமாறு கேட்டார். தளர்ந்த பிடியை எதிர்பார்த்திருந்தவருக்கு, அந்நோயாளியின் விரல்கள் வலிக்கும்படியாக இறுகியது பெரும் வியப்பை அளித்தது. பயனற்றது என்று கைவிடப்பட்ட கையில் அத்தனை வலிமை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை உடற்கூற்றில் இருந்தது. விரல்களை மடக்கும் பெருந்தசைகள் பெரும்பாலும் முன்கையில், மணிக்கட்டில் மீடியன் நரம்பு கெடும் இடத்துக்கு மேலே தம் ஏவலைப் பெறுவதால் அவை நலமாகவே இருந்தன. ஓய்ந்தவை உள்ளங்கையின் சிறுதசைகள் மட்டுமே. ஆகவே அந்தக் கைக்கு வேண்டியிருந்தது, இருக்கும் வலிமையை வேறு வேலைக்குத் திருப்பிவிடும் ஒரு வழி.

1948-இல் வேலூரில் தொடங்கிய அறுவை சிகிச்சைகள் அந்த வழியைத் தேடின. கட்டைவிரல் நீங்கலாக ஒவ்வொரு விரலையும் மடக்குவதற்கு முன்கையிலிருந்து இரண்டு தசைநாண்கள் வருகின்றன. தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற பகுதியே தசைநாண். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டாலும் மற்றது விரலை மடக்கும் என்பதால், ஒரு விரலின் மேற்புறத் தசைநாணைப் பிரித்து, பல கூறுகளாகப் பிளந்து, ஒவ்வொரு கூறையும் ஒவ்வொரு விரலில் சிறுதசைகள் இணையும் இடத்தில் தைத்தனர். பிற்பாடு மணிக்கட்டைப் பின்னோக்கி நிமிர்த்தும் தசையொன்றையே ஆற்றல் மூலமாகக் கொண்டு, வேறிடத்திலிருந்து எடுத்த தசைநாணால் அதை நீட்டி, நான்கு விரல்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் முறையைப் பிராண்ட் வகுத்தார். 1952-இல் லண்டன் ராயல் அறுவை மருத்துவர் கல்லூரியில் அவர் ஆற்றிய ஹண்டேரியன் உரை, தொழுநோய்க் கையின் மறுசீரமைப்பை உலக அறுவை மருத்துவத்தின் கவனத்துக்குக் கொண்டுசென்றது.

பொதுவாக இந்த வரலாறு கத்தியின் வெற்றியாகவே சொல்லப்படுகிறது. அது பாதி உண்மைதான். தைத்த தசைநாண் ஒட்டுவதற்கு ஏறத்தாழ 3 வாரங்கள் கை மாவுக்கட்டில் இருக்கும். கட்டைப் பிரித்ததும் கை தானாக வேலை செய்துவிடாது, ஏனெனில் தசை இடம் மாறியிருந்தாலும் மூளைக்கு அச்செய்தி தெரியாது. மோதிர விரலை மடக்குவதற்கென்றே பிறந்ததிலிருந்து பழகிய தசை இப்போது எல்லா விரல்களின் அடிமூட்டையும் மடக்கி, நுனியை நிமிர்த்த வேண்டியிருக்கிறது. இதனால் பயிற்சி அறுவைக்கு முன்பே தொடங்கியது: மாற்றப்படவிருக்கும் தசையை மட்டும் தனியே சுருக்கவும் தளர்த்தவும் நோயாளிக்குக் கற்பித்தனர். அறுவைக்குப் பின் முன்கையை ஒரு பலகையில் சாய்த்துவைத்து, பழைய அசைவையே செய்யச் சொல்வார்கள். மோதிர விரலை மடக்கு என்ற ஏவல் புறப்பட்டதும், விரல்கள் நிமிர்ந்தபடியே அடிமூட்டில் கூடி மடங்குவதை நோயாளி தம் கண்ணால் காண்பார். ஏவலும் விளைவும் கண்முன் பலமுறை சேர்ந்து நிகழ, பழைய எண்ணத்தின் துணை மெல்லக் கழன்று, புதிய அசைவு நேரடியாகவே நினைவில் எழத் தொடங்கும். தசை களைத்தால் பிழையான அசைவே பழகிவிடும் என்பதால், பயிற்சி சிறு சிறு வேளைகளாகப் பிரிக்கப்பட்டது. முதலில் எடையில்லாத அசைவு, பிறகு மென்மையான பொருள்களைப் பிடித்தல், பின்னரே கருவிகளும் சுமையும். வேலூரில் ரூத் தாமஸ் போன்ற இயன்முறை மருத்துவர்கள் பொறுமையோடு செய்த இந்த வேலையும், நோயாளிகள் நாள்தோறும் செய்த முயற்சியும், அறுவைக் கூடத்தில் நடந்ததற்குச் சற்றும் குறைந்தவையல்ல.

எந்தத் தசையைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் நரம்பின் பழக்கமே வழிகாட்டியது. கையை இறுக மூடும்போதெல்லாம் மணிக்கட்டு தானே பின்னோக்கி நிமிர்வது மனித இயல்பு. ஆகவே மணிக்கட்டை நிமிர்த்தும் தசையை விரல்களுக்கு மாற்றினால், பிடிக்க நினைத்த கணமே அது இயல்பாக வேலைக்கு வருகிறது. இதற்கு மாறாக, பாதம் தொங்கிப்போனவர்களுக்குச் செய்யப்படும் அறுவையில், பாதம் தரையை ஊன்றும்போது உழைக்கும் காலின் பின்தசை, பாதம் காற்றில் இருக்கும்போது அதைத் தூக்குமாறு இடம் மாற்றப்படுகிறது. தன் வேளையையே மாற்றிக்கொள்ள வேண்டிய அத்தசைக்குப் பயிற்சி கூடுதலாக வேண்டும். இமை மூடாதவர்களுக்கு, மெல்லுவதற்கு உதவும் பொட்டுத்தசையின் ஒரு பகுதி இமைக்குத் திருப்பப்படுகிறது. அவர்கள் பல்லை இலேசாகக் கடித்தால் கண் மூடும். பேசும்போதும் நடக்கும்போதும் இடையிடையே பல்லைக் கடிப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால்தான் கருவிழி உலராமல் பார்வை காக்கப்படும்.

அசைவைத் திருப்பித் தர முடிந்ததே தவிர, கெட்ட நரம்பின் தொடுவுணர்வைத் தர இயலவில்லை. இதன் முழுப்பொருள் பிராண்டுக்கு விளங்கியது ஒரு துருப்பிடித்த பூட்டின் முன்னே. அவரால் திருப்ப முடியாத சாவியைச் சிறுவயது நோயாளி ஒருவன் வெறும் விரலால் திருப்பிவிட்டான். திறந்த பின் பார்த்தால், அவனுடைய விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்து இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது, அவனுக்கோ அது தெரியவே இல்லை. வலி என்பது தசைக்கு இடப்பட்ட வரம்பு. அது மறைந்ததும் ஒவ்வொரு பிடியிலும் தேவைக்கு மீறிய விசை செலுத்தப்பட்டு, விரல்கள் சிறிது சிறிதாகத் தேய்ந்தன. விரல்களைத் தின்றது நோயன்று, உணர்வற்ற கையின் அன்றாட வேலையே என்ற இந்தக் கண்டுபிடிப்பு, பல நூற்றாண்டு அச்சத்தின் வேரை அறுத்தது. நெசவாளரின் விரல் இழையின் இறுக்கத்தைத் தொட்டே அறிகிறது. உணர்விழந்தவரோ அதே அளவைக் கண்ணால் பார்த்துக் கற்க வேண்டியிருந்தது. 1951-இல் வேலூரில் தொடங்கிய நவஜீவ நிலையத்தில், கை சீராக்கப்பட்டவர்கள் தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்றதோடு, வேலை முடிந்ததும் தம் கைகளைப் பார்த்துச் சிறு காயத்தையும் கண்டறிந்து, அது எந்தக் கருவியால், எந்தப் பிடியால் வந்தது என்று ஆராய்ந்தனர். பருத்த கைப்பிடிகளும் மென்ரப்பர் காலணிகளும் அந்த ஆராய்ச்சியின் பயன்கள்.

1955-இல் வேலூரை அடுத்த கரிகிரியில் ஷிஃபலின் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை உருவாயிற்று. அதே ஆண்டு திருமணி மருத்துவமனையை மத்திய அரசு ஏற்று மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆய்வு நிலையமாக்கியது. தசைக்கு மீண்டும் கற்பிக்கும் இந்த அறிவைத் தொழுநோய்க்கு அப்பால் கொண்டுசென்றவர் மேரி வர்கீஸ். பிராண்டிடம் பயின்ற இம்மருத்துவர் 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் அசைவை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்று, பின்னர் நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்கிடம் அத்துறையைப் பயின்று திரும்பினார். 1963-இல் வேலூரில் அவர் பொறுப்பேற்ற உடலியக்க மறுவாழ்வு மருத்துவத் துறை இந்தியாவில் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. 1966-இல் அதற்கென மறுவாழ்வு நிலையமும் திறக்கப்பட்டது. தண்டுவடம் முறிந்த உழவர், மரத்திலிருந்து விழுந்தவர், பக்கவாதம் கண்டவர் ஆகியோருக்கு அங்கே, எஞ்சியிருக்கும் இயக்க அலகுகளைக் கண்டறிந்து, அவற்றின் மேல் புதிய அசைவைக் கட்டியெழுப்பும் பயிற்சி தரப்பட்டது.

1982-இல் உலக நலவாழ்வு அமைப்பு தொழுநோய்க்குப் பரிந்துரைத்த கூட்டு மருந்து சிகிச்சை பரவிய பிறகு, நரம்பு கெடும் முன்பே பெரும்பாலோரின் நோய் குணமாக்கப்படுகிறது; கை மாற்று அறுவைகளின் தேவை பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் வேலூரில் செம்மைப்பட்ட பயிற்சி முறையின் அடிப்படை, பக்கவாதத்தால் கை ஓய்ந்தவருக்கும் விபத்தில் நரம்பு அறுந்தவருக்கும் அப்படியே பொருந்துகிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே கொண்டுசெல்லப்படுகிறது. காஞ்சிபுரம் மாவட்டமும் அதில் அடங்கும். நெடுநாள் பேருந்தேறி மருத்துவமனைக்குச் செல்ல இயலாததால் பயிற்சியைப் பாதியில் விட்டவர்களுக்கு இது பெரும் உதவி. அவ்வப்போது வரும் இயன்முறை மருத்துவர் கற்றுக்கொடுப்பதை மீதி நாட்களில் நோயாளியும் வீட்டாரும் விடாமல் செய்தாக வேண்டும். அதனால் எந்த அசைவை எத்தனை முறை, எந்த அளவு களைப்பு வரை செய்யலாம் என்பதை வீட்டில் உள்ள ஒருவருக்கேனும் தெளிவாகக் கற்பிப்பது அச்சிகிச்சையின் முதல் வேலையாக இருக்கிறது.